ஒருத்திக்கு எத்தனை கிராம்

பேருந்துப் பணிமனை கேண்டீனில் முப்பத்தோரு வருஷமாகக் காலைச் சாப்பாடு அவள் கையால்தான். ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது பேர் சாப்பிடுவார்கள். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மெக்கானிக்குகள், வண்டி கழுவுகிறவர்கள், கணக்குப் பிரிவில் குளிரூட்டிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவள் வாளியக்கா. அளவு என்று அவளிடம் இருந்தது ஓர் அலுமினிய வாளி மட்டும். உள்பக்கம் ஆணியால் கீறிய மூன்று கோடுகள். மாவு என்றால் இரண்டாம் கோடு வரை நான்கு வாளி. சர்க்கரைக்குத் தகரக் குவளை. உப்புக்குக் கை.

காலையில் அங்கே போடுவது பான்கேக். மாவையும் பாலையும் முட்டையையும் கரைத்து, அகலமான இரும்புத் தட்டில் ஊற்றி, இரண்டு பக்கமும் சிவக்க எடுக்கிற மெத்தென்ற வட்டம். பணிமனைக்காரர்கள் அதற்குச் சக்கரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு சக்கரம். மூன்றாவது வேண்டுமென்றால் தட்டை நீட்டி, "அக்கா, ஒரு ஸ்டெப்னி" என்பார்கள். வேறு பணிமனைக்கு மாற்றலாகிப் போனவர்கள்கூட இந்த வழியாக வண்டி எடுத்து வரும்போது ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் அங்கே சேர்ந்தது தட்டு கழுவுவதற்காக. இருபத்திரண்டு வயது. அப்போது இருந்த சமையல்காரர் ஒரு நாள் விடியற்காலையில் மேலாளரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயே போய்விட்டார். மாவு கரைக்கவில்லை. முதல் ஷிப்ட் ஆட்கள் வர ஒரு மணி நேரம் இருந்தது. தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாளியை எடுத்தாள். அன்றைக்குப் போட்டது கல் மாதிரி இருந்ததாம். அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இரண்டே மாதத்தில், தினமும் ஒரு கை கூட்டி, ஒரு குவளை குறைத்து, இன்றைக்கு இருக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அது அவளுடைய சொந்த அளவு.

அந்தச் சக்கரத்தை அவள் பெற்ற பெண் ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை.

இதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. கேண்டீன் உணவு வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது பணிமனை விதி. மற்றவர்கள் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அவள் ஒரு நாளும் போட்டதில்லை. மூன்றே முக்காலுக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனால் அன்றைக்கு அவளுடைய கணவர், "இன்னைக்கும் நீ அடுப்புப் பக்கம் போனா நான் கடையை மூடிட்டு எங்கயாவது போயிடுவேன்" என்று சொல்லி, தானே ரொட்டியை வாட்டி, ஜாம் தடவி, தாய்க்கும் மகளுக்கும் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அன்பாகச் செய்ததுதான். அப்படியே இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். இப்போது வேறு ஊரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து, ஒற்றை அடுப்பும் ஒரு ஜன்னலும் உள்ள அறையில் தனியாக இருந்தாள். அங்கே குடிபோன மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் போன் செய்தாள்.

"அம்மா, தினமும் காலைல பிஸ்கட் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. உன் சக்கரம் எப்படிம்மா செய்யணும்? சொல்லேன்."

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நாலு வாளி மாவு எடுத்துக்க. ரெண்டாம் கோடு வரைக்கும்..."

மறுமுனையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! நான் ஒரே ஒருத்திம்மா. என் ரூம்ல மொத்தமே ஒரு வாளிதான் இருக்கு, அதுவும் பாத்ரூம்ல."

இவளும் சிரித்துவிட்டாள். "அப்ப கொஞ்சமா போட்டுக்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? கிராம்ல சொல்லு. எங்க லேப்ல கொஞ்சம்னு சொன்னா வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"கிராமா? எனக்கு எங்கடி தெரியும்?"

 பிறகு மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "இல்லம்மா, பஸ்ல ஏறினா டிரைவர் அண்ணன்லாம் உன் சக்கரத்தைப் பத்தியே பேசுவாங்க. நான் சாப்பிட்டதே இல்லைன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதான் கேட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை, குரலில் வருத்தமும் இல்லை. அதனால்தான் அது இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்த பிறகு வெகு நேரம் அதையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு கிண்ணம் மாவை எடுத்து, கண்ணளவில் பாலை ஊற்றி, ஒரு முட்டையை உடைத்துப் போட்டாள். உப்புப் போட வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. கை நிறைய அள்ளிப் பழகிய கைக்கு, ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு என்று பிடிபடவில்லை. குத்துமதிப்பாகப் போட்டாள். வெந்து வந்ததைத் தையல்காரர் வாயில் போட்டு, மென்று, மறுபடியும் மென்று, முழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"கோட்டு காலருக்கு உள்ளே வெச்சுத் தைக்கலாம். நல்லா விறைப்பா நிக்கும்."

"வெளையாடாதீங்க."

"முட்டை நாத்தம் தூக்குது, உப்பு கரிக்குது. நிஜமாவே நீதான் செஞ்சியா?"

முந்நூற்று இருபது பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவளுக்கு, ஒருத்திக்குச் செய்யத் தெரியவில்லை. அன்று மத்தியானம் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தையல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு சட்டையைக் குழந்தைக்குச் சின்னதாக்கணும்னா நான் முதல்ல என்ன செய்வேன்? பெரிய சட்டையை அளப்பேன். உன் பெரிய சட்டையை நீ இதுவரைக்கும் அளந்ததே இல்லையே."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

பணிமனையின் ஓர் ஓரத்தில் பார்சல் அலுவலகம். பேருந்தில் ஏற்றி அனுப்பும் மூட்டைகளை எடைபோட்டுச் சீட்டு எழுதுகிற எழுத்தர் அங்கே இருந்தார். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. தினமும் கவுன்டரைத் திறக்கும் முன், இரும்பு எடைக்கல் ஒன்றை மேடைத் தராசில் வைத்துச் சரிபார்க்காமல் ஒரு சீட்டும் எழுத மாட்டார். அவர் தராசில் இருபது கிராம் ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை என்று பணிமனையில் பேச்சு.

"அண்ணே, உங்க தராசு ஒரு மூணு நாளைக்கு வேணும்" என்றாள் அவள்.

"தராசையா? எதுக்கு?"

"நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியணும்."

விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தராசை மட்டும் தர மாட்டேன் வாளியக்கா. அது கூட நானும் வருவேன்."

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு, கைவண்டியில் மேடைத் தராசையும், தபால் உறைகளை எடைபோடுகிற ஒரு கிராம் தராசையும் ஏற்றிக்கொண்டு, கக்கத்தில் ஒரு நோட்டோடு கேண்டீனுக்குள் நுழைந்தார். அவள் வேலையைத் தொடங்கினாள். அவர் வழியை மறித்தார்.

"வாளி எவ்வளவு எடைன்னு முதல்ல பாக்கணும். இல்லேன்னா வாளியையும் சேர்த்துத்தான் உங்க பொண்ணு கரைக்கணும்."

வெறும் வாளி, மாவு வாளி, மறுபடியும் வெறும் வாளி. முட்டையை ஓட்டோடு நிறுக்கக் கூடாது என்றார். மூன்று அட்டை முட்டையும் இன்னும் ஆறும் உடைத்த பிறகுதான் நிறுக்க விட்டார். பால் நான்கு கேன். வெண்ணெய்க் கட்டி. சர்க்கரை. மாவு பொங்குவதற்கான பேக்கிங் பவுடர் இரண்டு டப்பா. எல்லாம் நோட்டில் ஏறியது. அன்று முதல் ஷிப்டுக்கு இருபது நிமிஷம் தாமதம். வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் கூச்சல் போட்டார்கள். "என்னக்கா, சக்கரத்தைப் பார்சல்ல அனுப்பப் போறீங்களா?"

கடைசியில் உப்பு. அவள் வழக்கம்போல ஐந்து கை அள்ளினாள். அவர் அதைக் குட்டித் தராசில் கொட்டச் சொன்னார். இருநூற்று முப்பத்தெட்டு கிராம். எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் ஐந்து கை: இருநூற்று நாற்பத்தொன்று. அவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூன்றாம் நாள் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தார். மேலாளரைப் பற்றி வம்பு கேட்டார். அவள் வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்க, கை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது. இருநூற்று நாற்பது.

பார்சல் எழுத்தர் நோட்டை மூடினார். கேண்டீன் கதவைத் திறந்து, வெளியே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "யோவ், இங்க வாங்க. எடையை விட்டுத்தள்ளுங்க, இந்தக் கையைப் பாருங்க. மூணு நாள்ல மூணே கிராம் வித்தியாசம். நான் தராசு வெச்சுக்கிட்டு இருபத்தாறு வருஷமா முழிச்சுக்கிட்டிருக்கேன்!"

அவள், "அட, சும்மா இருங்கண்ணே" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்று சக்கரம் திருப்பும்போது தன் வலது கையை இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டாள். அந்தக் கையை அதுவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் தையல்காரரின் வெட்டு மேசை கணக்குப் பலகையாயிற்று. துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அவர் எழுதினார். மூன்று நாள் எடையையும் கூட்டி மூன்றால் வகுத்து, வந்ததை முந்நூற்று இருபதால் வகுத்தார். பால் அறுபத்து நாலு கிராம். முட்டை, அடித்து நிறுத்தால் பதினைந்து. வெண்ணெய் எட்டு, சர்க்கரை ஆறு. மாவு ஐம்பது புள்ளி நாலு.

"அந்தப் புள்ளி நாலை என்ன பண்றது?" என்றாள் அவள்.

"அது பரவாயில்ல. உப்பைப் பாரு, முக்கால் கிராம். பேக்கிங் பவுடர் ரெண்டரை. சுண்டு ரூம்ல வெச்சிருக்கிற தராசு முழு கிராம்தான் காட்டும். முக்கால் கிராமை எப்படி நிறுக்கிறது?"

இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டார். யோசிக்கும்போது அது அவர் பழக்கம். திடீரென்று மேசையைத் தட்டினார். சாக்கட்டி தெறித்தது.

"பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் வந்தா ஒவ்வொரு சட்டையா வெட்டுவேனா? இருபது மடிப்பு அடுக்கி ஒரே வெட்டு. அதே மாதிரி காய்ஞ்சதை எல்லாம் இருபது பேருக்கு ஒண்ணா நிறுத்து ஒரு டப்பால கலந்து வெச்சுடணும். தினமும் அதுல ஒரு பங்கு எடுத்தா போச்சு."

அவளுக்கு முகமெல்லாம் பல். "அப்ப உப்பு பதினஞ்சு கிராம், நிறுக்கலாம். பவுடர் அம்பது. சர்க்கரை நூத்தி இருபது. மாவு?"

அவர் பெருக்கினார். "ஆயிரத்தெட்டு."

"ஆயிரத்தெட்டு வேலைக்கு நடுவுல ஆயிரத்தெட்டு கிராம் மாவா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மொத்தத்தையும் கூட்டி இருபதால் வகுத்தால் அறுபதுக்கு ஒரு மயிரிழை குறைவு. ஒருத்திக்கு அறுபது கிராம் கலவை என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தையல்காரர் அதை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். வாளியக்கா அன்றிரவு தூக்கத்தில்கூடச் சிரித்ததாக அவர் சொல்கிறார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து மகளிடமிருந்து போன்.

"அம்மா, செஞ்சேன். நீ எழுதினபடி ஒரு கிராம்கூடப் பிசகாம செஞ்சேன். ருசி நல்லா இருக்கு. ஆனா மாவு பரவவே மாட்டேங்குது. கட்டியா, மேடா நிக்குது. சக்கரம் மாதிரி இல்ல, டயர் பஞ்சர் ஆன மாதிரி இருக்கு."

"நீ தீயை அதிகமா வெச்சிருப்பே."

"இல்லம்மா."

"அந்த ஊர் மாவு சரியில்ல."

"அம்மா, கேளு. எங்க லேப்ல எடை சரியா இருந்து முடிவு தப்பா வந்தா, எதையோ எழுத விட்டுட்டோம்னு அர்த்தம். நீ எல்லாத்தையும் தனித்தனியா நிறுத்தே. கரைச்ச பிறகு மொத்தத்தை நிறுத்தியா?"

நிறுக்கவில்லை. மறுநாள் அவளும் எழுத்தரும் இன்னும் இரண்டு பேருமாகக் கரைத்த மாவு அண்டாவைத் தூக்கி மேடைத் தராசில் வைத்தார்கள். அண்டாவின் எடையைக் கழித்தார் எழுத்தர். நோட்டில் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார்.

"போட்டது நாப்பத்தேழு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. இருக்கிறது அம்பத்தொண்ணே முக்கால்."

"அதெப்படி? உங்க தராசு கோளாறா இருக்கும்ண்ணே."

அவர் முகம் சிவந்துவிட்டது. போய் எடைக்கல்லைக் கொண்டுவந்து தராசில் வைத்துக் காட்டினார். சுத்தமாக நின்றது. "என் தராசைச் சொல்லாதீங்கக்கா. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எங்கிருந்தோ நாலே முக்கால் கிலோ உள்ள வந்திருக்கு. நாளைக்கு நீங்க மூச்சு விட்டாக்கூட எழுதுவேன்."

சொன்னபடியே மறுநாள் அவள் தோளோரமாக நின்றுகொண்டார். மாவு. எழுதினார். முட்டை. எழுதினார். அவள் முதல் பால் கேனைக் கவிழ்த்தாள். கேனின் அடியில் ஒட்டியிருந்த பாலுக்காக ஒரு ஜக் தண்ணீரை விட்டுச் சுழற்றி, அதையும் அண்டாவில் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவும் இடத்துக்குத் தள்ளினாள். அடுத்த கேனை எடுத்தாள்.

"நில்லுங்க. இப்ப என்ன ஊத்தினீங்க?"

"பாலு."

"பாலுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் ஊத்தலையே. கேனை அலசினேன்."

"அலசினதை எங்க ஊத்தினீங்க?"

அவள் அண்டாவைப் பார்த்தாள், கையிலிருந்த ஜக்கைப் பார்த்தாள். தட்டு கழுவிக்கொண்டிருந்த காலத்தில், கேனில் ஒட்டிய பால் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. சமையல் தன் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே அலசி ஊற்றத் தொடங்கியவள், அப்புறம் அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. ஜக்கை நிறைத்துத் தராசில் வைத்தார்கள். ஜக் நீங்கலாகத் தண்ணீர் ஆயிரத்து இருநூறு கிராம். நான்கு கேனுக்கு நான்கு ஜக்.

"முப்பத்தோரு வருஷமா நான் தண்ணி ஊத்தறேன், எனக்கே தெரியலையே அண்ணே!" என்று அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். பார்சல் எழுத்தர் சிரிக்கவில்லை. நோட்டில் "தண்ணீர்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

ஒருத்திக்குப் பதினைந்து கிராம் தண்ணீர். தாளில் ஒரு வரி கூடியது.

சனிக்கிழமை காலை, கேண்டீனில் முதல் ஷிப்ட் முடிந்து தட்டுகள் குவிந்திருந்த நேரத்தில் மகள் கூப்பிட்டாள். போனைத் தவாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. சொய்ங் என்று கேட்டது. பிறகு தட்டில் கரண்டி படுகிற சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"சுண்டு? இருக்கியா?"

"ம்." வாய் நிறைய இருந்தது. "அம்மா. இதைத்தான் அவங்கல்லாம் தினமும் சாப்பிட்டாங்களா?"

"இதைத்தான்."

"அதான் அவங்க அப்படிப் பேசினாங்களா." மென்று முழுங்கினாள். "இன்னொன்னு ஊத்தப் போறேன். வெச்சுடாத, லைன்லயே இரு."

அவள் லைனிலேயே இருந்தாள். கழுவும் இடத்தில் தண்ணீர் வழிந்தோடிக்கொண்டிருந்தது. யாரோ "அக்கா, குழாய்!" என்று கத்தினார்கள். அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அவளும் தையல்காரரும் மகளைப் பார்க்கப் போனார்கள். பிரசவ விடுப்பை விட்டால், முப்பத்தோரு வருஷத்தில் ஞாயிறு அல்லாத நாளில் அவள் எடுத்த முதல் விடுப்பு அது. காலையில் எழுந்து பழக்க தோஷத்தில் அடுப்புப் பக்கம் போனவளை மகள் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, டப்பாவிலிருந்து கலவையை ஸ்பூனால் தட்டித் தட்டிப் போட்டாள். ஒரு கிராம் கூடிவிட்டது. அதை ஸ்பூன் நுனியால் திரும்ப எடுத்தாள். தையல்காரர் மனைவியை முழங்கையால் இடித்து, "யார் மாதிரி?" என்று கண்ணால் கேட்டார்.

"உங்களை மாதிரித்தான். கால் இஞ்சுக்கு உயிரை விடறது" என்றாள் அவள்.

சுடச்சுடத் தட்டு அவள் மடிக்கு வந்தது. ஆயிரக்கணக்கான காலைகளில் தட்டை நீட்டியவர்களுக்கு எடுத்து வைத்தவள், அன்றைக்குத் தன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று, கேண்டீன் தட்டிலிருந்து எடுத்ததுபோலவே இருந்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள்.

"எப்படிம்மா? சரியா வந்திருக்கா?" மகள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் நல்லா சமைக்கிறேன், இல்ல?" என்றாள் வாளியக்கா.

மகள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தையல்காரர் தவாவில் இருந்ததைத் திருப்பிப் போட ஓடினார், அது கருகிவிட்டது. அதை அவரே சாப்பிட்டார்.

கதை இத்தோடு நின்றிருந்தாலும் அவளுக்கு நிறைவுதான். ஆனால் அந்த வருஷம் நகரத்தின் மறுகோடியில் நாற்பது பேர் வேலை செய்கிற சின்னப் பணிமனை ஒன்றைத் திறந்தார்கள். மாற்றலாகிப் போன ஓட்டுநர்கள் அங்கே போன முதல் நாளே கேட்டது, சக்கரம் கிடைக்குமா என்றுதான். மேலாளர் வாளியக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"அங்க ஒரு அம்மாவை சமையலுக்குப் போட்டிருக்கோம். நீங்க ஒரு மாசம் போய்ப் பழக்கி விட முடியுமா? இதெல்லாம் கைப்பழக்கம், எழுத்துல வராதுன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, அவள் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. "பேப்பர் எடுத்துக்குங்க சார். கிராம்ல சொல்றேன்."

மேலாளர் எழுதினார். தண்ணீர் வரை எழுதினார். "தண்ணி எதுக்கு?" என்று அவர் கேட்டபோது, "அது இல்லேன்னா டயர் பஞ்சர்" என்றாள். எதிர்ச் சுவரோரம் நின்ற பார்சல் எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிக்குத் தன் நோட்டைக் காட்டினார். அவரை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்திருந்தார். தாளின் மேலே யார் பெயரைப் போடுவது என்று கேள்வி வந்தது. அவள் தன் முழுப்பெயரைச் சொன்னாள். பணிமனையில் பலருக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர் தெரியவந்தது.

சின்னப் பணிமனை கேண்டீன் திறந்த அன்று ஐந்தரை மணிக்கு, அந்தப் புதுச் சமையற்காரம்மா பதறிப்போய் போன் செய்தார்.

"அக்கா, நாப்பது பேருன்னு சொன்னாங்க. நாப்பத்தொண்ணு பேரு வந்து நிக்கிறாங்க. என்ன பண்றது?"

வாளியக்கா தன் முந்நூற்று இருபது பேருக்கான அண்டாவைக் கலக்குவதை நிறுத்தவில்லை. போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. ஒருத்தருக்கு எவ்வளவுன்னு தாள்ல இருக்குல்ல? கலவை அறுபது, பாலு அறுபத்தி நாலு. நீ நிறு, நான் சொல்றேன்."